கடைசிக் கேள்விக்குப் பிறகு கேக்

லவோன் நீட்டிய கேக் தட்டை எல்டன் இரண்டு கைகளாலும் மெல்லத் தள்ளினான். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தணிக்கைக்கு வந்த இடத்துல நாங்க எதையும் வாங்கிக்கக் கூடாது. எங்க நடுநிலைமை கெட்டுடும்" என்றான், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

லவோன் டைக் அந்தத் தொழிற்சாலையின் கணக்குகளைப் பார்ப்பவர். ஒவ்வொரு பிப்ரவரியும் நாங்கள் தணிக்கைக்கு வரும்போது, கோடையில் பறித்து உறைய வைத்த சாஸ்கடூன் என்கிற ஊதாப் பெர்ரியில் கேக் சுட்டுக் கொண்டுவருவார். அதற்காகவே நான் இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வண்டியோட்டி வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் தட்டை எடுத்துப் போய் குளிர்பெட்டியில் வைத்தார். என் தட்டையும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு எல்டன் எது கேட்டாலும் ஒரே பதில்: "மெயில் அனுப்புங்க." அனுப்பினான். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினான். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான், எழுந்து போய் நிற்கலாம். அவனோ மூன்றாவது மெயிலில் 'தயவுசெய்து' என்ற சொல்லை எங்கே போடுவது என்று என்னிடம் யோசனை கேட்டான்.

எல்டன் கணக்கியல் கடைசி வருடம் படிக்கிறான். மதிப்பெண்ணில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நேர்முகத்தில் வாய் திறக்காததால் மூன்று நிறுவனங்கள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டன. எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். முடிந்ததும் வேலைக்கு எடுப்பார்களா என்பது வெள்ளிக்கிழமை நான் கொடுக்க வேண்டிய படிவத்தில் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது: வாடிக்கையாளரிடம் பேசத் தெரிகிறதா? பொய் எழுத எனக்கு மனசு வராது. இல்லை என்று எழுதவும் வரவில்லை.

அன்று விடுதிக்குத் திரும்பும்போது, ஒரு துண்டு கேக்கில் யாருடைய நேர்மையும் போய்விடாது, நானே வருஷா வருஷம் தின்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் பழைய தணிக்கை அறிக்கைகளையெல்லாம் தோண்டி எடுக்கலாமா என்று யோசிப்பவன் போல. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள், வியாழக்கிழமை காலையில், கழிவறைக்குப் போகிறவன் போல எழுந்தவன் நேராக லவோன் மேசைக்கு முன்னால் போய் நின்றான். நான் நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கம் நழுவி, வெற்றுத் தாள்களை நகலெடுத்துக்கொண்டே காதைத் தீட்டினேன்.

"மேடம், கேக் வேண்டாம்னு சொன்னது தப்பில்ல. சொன்ன விதம்தான் தப்பு" என்றான். பிறகு மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். போச்சு என்று நினைத்தேன். "அதைத் தின்னுட்டா உங்ககிட்ட கறாரா கேள்வி கேக்க எனக்கு வாய் வராது. வாசனையே அப்படி. கேள்வியெல்லாம் முடிஞ்சப்புறம் குடுப்பீங்களா?"

"அதுவரைக்கும் கெட்டுப்போயிடும் தம்பி."

"அப்ப சீக்கிரம் பதில் சொல்லுங்க."

லவோன் சிரித்த சிரிப்பில் பொட்டலம் கட்டுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஒரு துண்டைத் தட்டில் வைத்து, கிண்ணத்தால் மூடி, அலமாரியின் மேல் அவன் கண்ணில் படும்படி வைத்தார். அதன் பிறகு எல்டன் நாற்காலியோடு உருண்டு உருண்டு அவரிடமே போனான். வருடக் கடைசி ராத்திரி வந்து இறங்கிய பால் எந்த வருடக் கணக்கில் சேரும் என்று குடைந்தான். "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்று முணுமுணுத்தவர், பழைய ரசீதைத் தேடி எடுத்து, வருடம் மாற்றி எழுதியிருந்த தவறைத் திருத்தியும் கொடுத்தார். ஒருத்தரும் என்றால் நான்தான். கேக் தின்ற வாய் அல்லவா!

வெள்ளிக்கிழமை மதியம் லவோன் கிண்ணத்தைத் தூக்கினார். "முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கு" என்றான் எல்டன். அவர் முகம் வாடியது. "முள்கரண்டி எங்க இருக்கு?"

எஞ்சின் குளிரில் உறையாமலிருக்க வண்டியில் செருகியிருந்த சூடேற்றும் வயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டு உள்ளே ஏறினேன். படிவத்தை மடியில் விரித்தால், நாளெல்லாம் வண்டியில் கிடந்த பேனா உறைந்துபோய் ஒரு கோடுகூட விழவில்லை. பக்கத்தில் எல்டன் பல்லெல்லாம் ஊதாவாக, லவோனின் பேத்தி, அவர் வீட்டு நாய், கேக்குக்கு எவ்வளவு வெண்ணெய் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். ஊர் போய்ச் சேரும்வரை ஓயமாட்டான் போலிருந்தது. நான் பேனாவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி, ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.