பெயர் மாறிய கோப்பு

அந்த மென்பொருள் அலுவலகத்தில் நிரலின் எந்த வரியை யார் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை, எழுதியவரும் சொல்வதில்லை. கேட்டால் பழி சுமத்துவதாகிவிடும், சொன்னால் பீற்றிக்கொள்வதாகிவிடும். எதுவானாலும் திரையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

திரைக்கோ ஒரு குறை இருந்தது. நிரலில் நேரும் மாற்றங்களைக் காட்டும் அந்தப் பக்கம், பெயர் மாறிய கோப்பை அடையாளம் காணாது. பழைய கோப்பு முழுவதும் அழிந்ததாகச் சிவப்பில் காட்டும். அதே வரிகளை அன்றுதான் பிறந்தவைபோலப் பச்சையில் காட்டி, பெயரை மாற்றியவரையே எழுதியவராக்கிவிடும். சென்ற ஆண்டு குழுத்தலைவர் கோப்புகளின் பெயர்களை எல்லாம் ஒழுங்குபடுத்தியபோது, முன்பதிவுக் கோப்பின் ஆயிரத்து நானூறு வரிகளும் இப்படித்தான் அவருடையவை ஆயின. அவர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார். அதே குழுவில் நான்கு ஆண்டுகளாக அந்தக் கோப்பைக் கையாளும் இவள் கவனித்தாள். குழுவில் ஒருவரை வேலையிலிருந்து விடுவிக்கப்போகிறார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்று மேலாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவெடுப்பார்.

ஆகவே பக்கத்தைச் சீராக்கும் வேலையை இவளே கேட்டு வாங்கினாள். பத்தில் ஒன்பது வரிகள் ஒத்திருந்தால் ஒரே கோப்பு. பழைய பெயர், அம்புக்குறி, புதிய பெயர். உண்மையில் மாறிய வரிகளுக்கு மட்டும் வண்ணம். பெயர்மாற்றங்களைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்லும் வரலாறு. முதல் சோதனையில் தலைவர் பெயர் விலகி இவள் பெயர் வந்தது. மூச்சு விட்டாள். அடுத்த கணம் அதுவும் விலகியது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பெயர் நீளமாக இருக்கிறதென்று அந்தக் கோப்புக்கு இவளே வேறு பெயர் சூட்டியிருந்தாள். அடியில் இருந்தவர் பக்கத்து மேசைக்காரர். நாற்பதிலேயே நரைத்துவிட்டதால் எல்லோருக்கும் சித்தப்பா. நான்கு ஆண்டுகள் நாள்தோறும் கையாண்டதில் தான் எழுதியதாகவே இவள் நம்பிவிட்ட கோப்பில், இவளுடைய வரிகள் அறுபத்திரண்டு.

மாற்றத்தைச் சரிபார்க்க வேண்டியவரும் சித்தப்பாதான். நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஒரு படியோட நிறுத்திடும்மா. ரொம்பப் பின்னாடி போனா பக்கம் திறக்க லேட்டாகும்."

"அதுக்காகவா சொல்றீங்க?"

"வேற எதுக்கு? போய் டீ குடிச்சிட்டு வா. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

எத்தனை பெயர்மாற்றம் பின்னோக்கிப் போகலாம் என்ற இடத்தில் இவள் ஒன்று என்று இட்டாள். வரலாறு இவள் பெயரோடு நின்றது.

மறுநாள் கூட்டத்தில் முன்பதிவுக் கோப்பு சுவரில் விரிந்தது. தலைவர் சிரித்தார். "என் பேரைத் தூக்க ரெண்டு வாரமாம்மா? கேட்டிருந்தா நானே தூக்கிக் குடுத்திருப்பேனே!" அறையே சிரித்தது. மேலாளர் எதுவும் கேட்காமல் இவள் பெயரைக் குறித்துக்கொண்டார். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

இவள் எழுந்துபோய்க் கணினியில் அந்த ஒன்றை அழித்தாள். சுவரில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

"இத எழுதினது சித்தப்பா," என்றாள். "நான் பேரைத்தான் மாத்தினேன்."

புரொஜெக்டருக்குக் குறுக்கே நின்றுவிட்டிருந்தாள். சித்தப்பாவின் முழுப்பெயர் சுவரில் பாதியும், இவள் தோளில் பாதியுமாக விழுந்திருந்தது.