வேன் சாவி

"பையெல்லாம் வேன்லயே கெடக்கட்டும். மேல கொண்டாந்தா கொரங்கு புடுங்கிகினு பூடும்" என்று மலையடிவாரத்தில், சேக்காட்டிலிருந்து கூட வந்த நண்பர்களை அதட்டினார் உலகநாதன். டிரைவரையும் நம்பாமல் வேனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

செங்குத்தான மலைப்பாதையில் பாதி ஏறியதும் இக்னேஷியஸ் மாரைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார்.

"இன்னா மாமே, அதுக்குள்ள நாக்கு தள்ளிடிச்சா?" என்று சிரித்தார் உலகநாதன்.

"நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரை... பையில கீது."

டிரைவரைக் கொண்டுவரச் சொல்லவும் வழியில்லை. சாவி உலகநாதனிடம்தான் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் விழுந்தடித்து இறங்கினார்.

மாத்திரையோடு மறுபடி ஏறும்போது நண்பர்கள் இக்னேஷியஸைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். அவர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். யாருக்கும் அவசரமில்லை.

அவர்களில் பிராங்க் மட்டும் நின்றார். "ஒரு கொரங்குகூட வரல அண்ணாத்தே."