வெந்தெலீனின் குரல் குடியிருக்கும் கம்பம்

வெந்தெலீன் அக்டோபரில் எங்கள் ஊர் லெஹோத்காவுக்கு வந்து சேர்ந்தான். அவன் குரல் நவம்பர் கடைசியில்தான் வந்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கம்பத்து ஒலிபெருக்கியில் குடியேறியது. இடையில் அது எங்கெங்கே சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. ப்ரெஸ்னோ ரயில் நிலையத்தில் ஆளே இல்லாமல் யாரோ மதியச் செய்தி வாசித்ததாக ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவன் பிளம்ஸ் சாராயத்தில் குளிக்கிறவன் என்பதால் அதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

குரல் அவனைவிட்டுப் போனது தலைநகர் பிராத்திஸ்லாவாவில், பொது வானொலியின் ஒலிப்பதிவு அறையில். தலை நரைக்கும்வரை அங்கே மதியச் செய்தி வாசித்தவன் அவன். ஆட்சி மாறியது, புது இயக்குநர் வந்தார், கூடவே புதுக் கம்பளமும் பென்சில் வைத்த உதவியாளர்களும் வந்தார்கள். செய்தியாளர்களில் ஒருத்தியை விளையாட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள், ஒருவனைப் பழைய ஒலிநாடாக்களைத் தூசி தட்டச் சொன்னார்கள், இன்னொருவன் தானாகவே கிளம்பிப்போய் வீட்டுத் தரகு பார்க்க ஆரம்பித்தான். அமைச்சர்கள் மேடைக்கு மேடை பத்திரிகைக்காரர்களைக் கூலிக்கு மாரடிக்கிறவர்கள் என்று ஏச, கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருநாள், உதவியாளர்கள் பென்சிலால் அடித்துவிட்ட ஒரு வாக்கியத்தை வெந்தெலீன் அடிக்காதது போலவே வாசிக்கத் தொடங்கினான். “மாவட்ட மருத்துவமனையின் கூரை வேலையை எடுத்த நிறுவனம்” என்பதுவரை நாடு கேட்டது. அதற்குமேல் கேட்டது அக்கார்டியன் இசை. மைக்கை மூடிவிட்டார்கள். நடைக்கூடத்துக்கு வந்து, என்னய்யா இது என்று கேட்க வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, குரல்தான் இல்லை, எங்கேயாவது வைத்துவிட்டு வந்தீர்களா என்று வேடிக்கையாகக் கேட்டார். வெந்தெலீன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவன் மனைவி ஜெல்மீராவும் அந்தத் தொழில்காரிதான். மாவட்ட வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தாள். கல் குவாரி வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பத்திரிகையை வாங்கித் தள்ளுபடி விளம்பரத் தாளாக மாற்றியபின், லெஹோத்காவில் அம்மா விட்டுப்போன வீட்டுக்கு வந்து இருந்துகொண்டாள். வெந்தெலீன் வெள்ளிக்கிழமை ரயிலைப் பிடித்து வருவான். வெளிக்கதவில் கை வைக்கும்போதே, “ஜெல்மீ, நான் வந்துட்டேன்” என்று கூவுவான். வானொலித் தொண்டை, சொல்லவா வேண்டும், ஓடைக்கு அக்கரையில் நாய் குரைக்கும். “வா, வா. ஊருக்கே கேக்கணுமா?” என்று இவள் உள்ளிருந்து திட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் திட்டு மாறவே இல்லை. அந்த அக்டோபரில் அவன் வெளிக்கதவருகே நின்று வாயைத் திறந்தான், மூடினான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஜெல்மீராவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. அன்று மாலை முழுவதும், எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

குரல் வந்து சேர்ந்த நாள் இப்படி. எங்கள் ஊரில் எந்த அறிவிப்பானாலும் முதலில் ஒலிபெருக்கியில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு ஓடும், பிறகு ஊர்த் தலைவர் இமிரிக் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசுவார். அன்று பண்பாட்டு மன்றத்துக்கு முன்னால் முட்டைக் கோழி விற்கிறார்கள் என்றும், நாய்களுக்குத் தடுப்பூசி சனிக்கிழமை என்றும் சொல்லிவிட்டு மூடினார். மூடிய ஒலிபெருக்கி ஒருமுறை இருமியது. “அமைச்சரின் மைத்துனருடையது. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது” என்று வெந்தெலீனின் குரல், விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தது. பேருந்துக்கு நின்றவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மளிகைக் கடை ஓட்டிலியாவின் தங்கை அந்த மருத்துவமனையில், கட்டிலுக்கும் வாளிக்கும் நடுவே படுத்துக் கிடந்தவள். “தெரிஞ்ச விஷயந்தான். ஆனா இன்னிக்குத்தானே வாய் விட்டுச் சொல்லியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு ஓட்டிலியா கடையைத் திறக்கப் போனாள்.

ஜெல்மீரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈர விரிப்பைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். மறுநாள் மதியமும் வந்தாள், அதற்கு மறுநாளும். குரல் செய்தி சொன்னது, பனி விழும் என்றது, யாரோ ஒரு நீதிபதியை மாற்றிவிட்டார்கள் என்றது. அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. வெந்தெலீனும் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த வீட்டில் வளரும் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பான். பிறகு இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள்.

இமிரிக் நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட. மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுக் கம்பியை வெட்டச் சொன்னார். கம்பியில் இருந்த இரைச்சல் போய்க் குரல் இன்னும் துல்லியமானதுதான் மிச்சம். அதன்பிறகு நேரே ஜெல்மீராவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“ஜெல்மீரா, உன் புருஷன வாய மூடிக்கச் சொல்லு.”

“மூடிக்கிட்டுதான் உருளைக்கிழங்கு உரிக்கிறாரு. நீயே பாரு.”

“விளையாடாத. மாவட்டத்துலேருந்து போன் மேல போன் வருது. சாக்கடை வேலை நின்னுபோயிடும்னு மிரட்டுறாங்க.”

“நம்ம ஊருக்குச் சாக்கடை எப்பப்பா வந்துச்சு, இப்ப நிக்கிறதுக்கு?”

இமிரிக் கசகசா ரொட்டியில் இரண்டு துண்டு தின்றார். போகும்போது, கதவைத் தாழ் போட்டுக்கொள், காலம் சரியில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குரலுக்கு வெந்தெலீனுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும் என்பது சில வாரங்களில் ஊருக்குப் புரிந்தது. வீட்டில் முடங்கியிருந்தால் அது பழைய செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே ஜெல்மீரா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மாவட்ட அலுவலகத்தில், நீதிமன்றப் படிக்கட்டில், காட்டு இலாகா வாசலில் நின்று அவள் கேள்வி கேட்பாள். வெந்தெலீன் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வான். மறுநாள் மதியம் கம்பம் அதைச் சொல்லிவிடும். கேட்கிற பெண், பேசாத ஆண், ஒரு கம்பம்: நாட்டிலேயே மிகச் சிறிய செய்தி அலுவலகம் அதுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் மதியப் பேருந்தில் வந்து இறங்கிக் கேட்டுவிட்டு அதே பேருந்தில் திரும்பினார்கள். ஒருநாள் வெளிக்கதவில் ஊசியிலை வளையம் ஒன்று தொங்கியது, சவப்பெட்டிமேல் வைப்பது. நாடாவில் இருவர் பெயரும் பொன் எழுத்தில் இருந்தது. ஜெல்மீரா நாடாவை அடுப்பில் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு எப்படியும் ஒன்று வாங்கத்தானே வேண்டும் என்று வளையத்தை வாசற்கதவில் மாட்டிவிட்டாள். ஆனால் அன்றிரவு கதவைத் தாழ் போட்டாள்.

இப்படியே குளிர்காலங்கள் போயின. அவளுக்கு ஏக்கம் மட்டும் குறையவில்லை. உள்ளதைச் சொன்னால், ஊர்மேல் அவளுக்குப் பொறாமை. அந்தக் குரலை முதலில் கேட்டுக் காதலித்தவள் அவள். இப்போது அது கோழி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பேசுகிறது, அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆளில்லாத பிற்பகல்களில் கம்பத்தடியில் போய் நின்று, “ஒரே ஒரு தடவை சொல்லேன். மெதுவாக்கூடச் சொல்லு, போதும்” என்று கெஞ்சுவாள். கம்பம் சும்மா இருக்கும். வீட்டில் வெந்தெலீன் ஆவி படிந்த சன்னலில் விரலால் அவள் பெயரை எழுதிக் காட்டுவான். ஆயுள் முழுக்க எழுதியே பிழைத்தவள்தான் அவள், இருந்தாலும் அந்த எழுத்து அவளுக்குப் போதவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் இமிரிக் ஒரு தவறு செய்தார். அந்தக் குரலைப் பாட்டுப் போட்டு அமுக்கு என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு. வெட்டிய கம்பியை ஒட்டுப்போட்டு, கைக்கு அகப்பட்டதில் உரக்கப் பாடும் நாடாவாகப் பார்த்துப் போட்டார். அது சாவுப் பாட்டு. எங்கள் பக்கம் யாராவது இறந்தால் மட்டுமே அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் வரும். வீதியில் போனவர்கள் நின்றார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், டிராக்டர் அணைந்தது, வீடுகளிலிருந்து பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். செத்தது யார் என்று தெரியாமல் யாரும் நகர்வதில்லை. நாடா ஓடி முடிந்தது. அந்த நிசப்தத்தில் வெந்தெலீனின் குரல், பெரிய திருடர்களை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை இழுத்து மூடவும் வானொலியை அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோகவும் ஒரு சட்டம் தயாராகிறது என்று விவரமாகச் சொல்லியது. அதுவரை காதில் வாங்காதவர்கள்கூட அன்று வெறுந்தலையோடு முழுதாகக் கேட்டார்கள். “செத்தது யாருன்னு இப்பப் புரியுது” என்றாள் ஓட்டிலியா.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை. எல்லா வீட்டையும் போல ஜெல்மீராவும் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள், வழி தவறி வருகிறவருக்கு. வேஃபர் என்னும் மெல்லிய பண்டிகை அப்பத்துக்குத் தேன் தடவியாயிற்று, புளித்த முட்டைக்கோஸ் சூப் கொதித்தது, கெண்டை மீன் வறுத்த புகை போகட்டும் என்று சன்னலைக் கொஞ்சம் திறந்தாள். சில்லென்று ஒரு காற்று உள்ளே வந்தது. வெந்தெலீன் ஒரு கரண்டி சூப்பை விழுங்கினான், இருமினான்.

“உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே.”

ஜெல்மீராவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. “இத்தனை வருஷம் கழிச்சு வந்து உப்பப் பத்தியா பேசுற” என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் பேசினான்: மீன் முள்ளைப் பற்றி, ஒழுகும் தண்ணீர்க் குழாயைப் பற்றி. சன்னல் வழியாக வந்ததாலோ என்னவோ, வெளிக்கதவில் கூவும் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டுக் கலைத்துவிடுவோமோ என்று பயம். அன்றைய விருந்து முடியுமுன் மேசையைவிட்டு எழுந்தவர் அடுத்த ஆண்டு அந்த மேசையில் இருக்கமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. வீட்டுக்காரி மட்டும் எழலாம். கடைசிவரை இந்தக் குரலை உட்கார வைத்துவிட்டால் போதும், பிறகு நம்மோடுதான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

சூப் முடிந்து மீனுக்கு வரும்போது ஓட்டிலியா சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தலையில் பனி.

“ஜெல்மீரா, நாடே மீன் வறுக்குற நேரம் பாத்து நாடாளுமன்றத்தக் கூட்டியிருக்காங்களாம். அந்தச் சட்டம் இப்பவே ஓட்டுக்கு வருதாம். அங்க வேலை பாக்குற என் தம்பி மகன் போன் பண்ணான்.”

“வானொலியில என்ன சொல்றாங்க?”

“என்னத்தச் சொல்றது, கரோல் பாடுறாங்க. சனமெல்லாம் கம்பத்தடியில நிக்குது. சொல்ல ஆளில்ல.”

வெந்தெலீன் எழவில்லை. ஜெல்மீராவைப் பார்த்தான், அவ்வளவுதான். அவள் கை சன்னல் கொண்டியில் இருந்தது. இழுத்து மூடிவிட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. நாடு எக்கேடோ கெட்டுப் போகட்டும், எனக்கு என் வீட்டில் ஒரு குரல் வேண்டும் என்று இருந்தது. கொண்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“ஓட்டிலியா அக்கா, நாலு ஆம்பளைங்களக் கூப்பிடு. மேசையத் தூக்கணும். இவரு எந்திரிக்கக் கூடாது.”

மேசை வெளியே வந்தது, தட்டுகளோடு, எரியும் மெழுகுவத்தியோடு. கழுத்தில் துண்டு கட்டிய வெந்தெலீனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த இமிரிக்கின் கையில் யாரோ சூப் பானையைக் கொடுத்துவிட, அவர் மறுபேச்சுப் பேசாமல் சுமந்தார். கம்பத்தடியில், பனியில், மேசையைப் போட்டார்கள். வெந்தெலீன் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்தான். குரல் அவனைவிட்டு மேலே போனது. பாட்டு எதுவும் ஓடவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க, ஓடைக்கு அக்கரைவரை, அது முதலில் சொன்னது இதுதான்:

“ஜெல்மீ, நான் வந்துட்டேன்.”

அக்கரையில் நாய் குரைத்தது. “வா, வா. ஊருக்கே கேக்கணுமா?” என்றாள் ஜெல்மீரா, அண்ணாந்து பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. ஓட்டிலியா தம்பி மகனிடம் போனில் கேட்டுக் கேட்டு வெந்தெலீனின் காதில் போட, குரல் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நிதானமாகச் சொல்லியது, யார் யார் கை தூக்கினார்கள் என்பதையும் சொல்லியது. முடித்துவிட்டு இறங்கி வந்து மீதி மீனைச் சாப்பிட்டது.

சட்டம் அன்று மாலையே நிறைவேறிவிட்டது, அதைத் தடுக்க ஒரு கம்பத்தால் ஆகவில்லை. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் அதைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஜனவரியில் மாவட்டச் சதுக்கத்தில் மக்கள், ஆட்சியை வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றபோது, லெஹோத்காவிலிருந்து போன பேருந்தில் உட்கார இடமில்லை. இமிரிக் நின்றுகொண்டே போனார். குரல் மறுநாளே கம்பத்துக்குத் திரும்பிவிட்டது. இப்போது அறிவிப்புக்கு முன்னால் பாட்டுப் போடுவதில்லை. மதியம் “ஜெல்மீ, நான் வந்துட்டேன்” என்று கேட்டதும் ஊரே அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுக்கிறது. ஜெல்மீரா தன் சமையலறைச் சன்னலிலிருந்து “வா” என்று பதில் சொல்கிறாள், ஊருக்கே கேட்கும்படி.

விருந்து முடியுமுன் மேசையைவிட்டு எழாததால், ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரு மாலைக்கு மட்டும் குரல் வெந்தெலீனிடம் வருகிறது. கம்பத்தடியில் மேசைக்கால் வழுக்காமலிருக்க ஊராட்சி மணல் தூவி வைக்கிறது. அவன் முதல் கரண்டி சூப்பை வாயில் வைக்கும்போது ஜெல்மீரா எதிரே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு மட்டும் அவள் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுகிறாள்.