நான்கு பொட்டு வைத்த கார்

பரிசம் போட்ட அன்று பெண் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் காளியண்ணன், அவர் மனைவி நவமணி, மகன் கோகிலன். பெண் வீட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் ராதாகிருஷ்ணன், அவர் மகள் நளினி, தாயில்லாத அந்தப் பெண்ணை வளர்த்து ஆளாக்கிய அத்தை விக்னேஸ்வரி. பிறகு ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

காளியண்ணன் மலையூரான திரிங்காப்பில் கோஸும் தக்காளியும் போடுகிறவர். கோயில் கமிட்டித் தலைவர். கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால் பேச்சு அடங்கிவிடும். தன் வீட்டுப் பேரில் ஒரு சொல் விழக்கூடாது என்று முதுகை வளைக்காமலே நடந்து பழகியவர். அப்படிப்பட்டவருக்கு மகனுடைய கார் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளைக் காரின் பின்பெட்டி மூடிமேல் கறுப்பாக ஒரு ஸ்பாய்லரை மாட்டி வைத்திருந்தான் கோகிலன்.

பரிசம் போடுவதற்கு முந்தின நாள் மாலை அவர் சொல்லிப் பார்த்தார்.

"அதக் கழட்டிடு. பரிசம் போடப் போற கார்ல ரெக்கை எதுக்கு? ரேஸ் ஓட்டுற பயன்னு நினைப்பாங்க."

"அது சும்மா வைக்கிறது இல்லப்பா. வேகமாப் போறப்ப காத்து காரோட பின்பக்கத்த மேல தூக்கும். இது அந்தக் காத்தத் திருப்பிவிட்டு டயர ரோட்டோட அமுக்கும்."

"நீ கோஸ் லோரிக்குப் பின்னால முப்பதுல ஊர்ந்து போறவன். உன்ன எந்தக் காத்து தூக்குது?"

கோகிலன் சிரித்துவிட்டான். "சரிப்பா, அழகுக்குத்தான். நளினிக்கும் புடிச்சிருக்கு லா."

நளினிக்குப் பிடித்திருக்கிறது என்றால் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். எப்போது பார்த்தாள், எங்கே பார்த்தாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் கோகிலன் பூ வாங்கத் தானா ராத்தா டவுனுக்கு லோரியில் போன நேரம் பார்த்து, காளியண்ணன் ஸ்பேனரை எடுத்தார். மூடியின் உள்பக்கத்து நட்டுகளைத் திருகிக் கழற்றி, ஸ்பாய்லரை உர மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார். மூடியில் நான்கு ஓட்டைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பூசை அறையிலிருந்து மஞ்சளை எடுத்துவந்து கெட்டியாகக் குழைத்து ஓட்டைகளில் அடைத்தார். ஒவ்வொன்றின்மேலும் குங்குமம் வைத்தார். தள்ளி நின்று பார்த்தபோது திருப்தியாக இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற கார், பொட்டு வைத்துக்கொண்டு நிற்பதில் என்ன குறை?

திரும்பி வந்த கோகிலன் காரை ஒருமுறை சுற்றி வந்தான். அப்பாவைப் பார்த்தான். வரிசைத் தட்டுகளை எடுத்துப் பின்பெட்டியில் அடுக்கினான்.

பெண் வீட்டுக்குப் போகும்போது பிரிஞ்சாங்கில் மழை பிடித்துக்கொண்டது. விடுமுறை நாள் என்பதால் ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்க வந்தவர்களின் கார்கள் வழியெல்லாம் அடைத்து நின்றன. நகரவே முடியவில்லை. தேயிலைச் சரிவில் இறங்கி, தோட்டக் குடியிருப்பில் ராதாகிருஷ்ணனின் லைன் வீட்டு வாசலில் நிறுத்தும் வரைக்கும் மழை விடவில்லை.

பாயில் தட்டுகளைப் பரப்பி, மூடியிருந்த துணியை நவமணி எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. தேங்காயும் பழமும் பரவாயில்லை. பரிசப் புடவைதான், நளினி உடுத்திவந்து சபையில் உட்கார வேண்டிய சந்தன நிறப் பட்டு, சொதசொதவென்று நனைந்திருந்தது. அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாக நீர் ஓடியிருந்தது.

விக்னேஸ்வரி நெஞ்சில் கைவைத்தாள். "என்னாண்ணே இது, ரத்தமாட்டம்?"

காளியண்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

"குங்குமம் அத்தை," என்றான் கோகிலன். "ஸ்பாய்லரக் கழட்டினேன். ஓட்டைய சரியா அடைக்கல. என் தப்புதான்."

அந்த இடத்திலாவது காளியண்ணன் பேசியிருக்கலாம். பேசவும் செய்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுலதான் கவனம் இருக்கு?" என்றார்.

நவமணி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

விக்னேஸ்வரி தம்பி ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "பரிசப் புடவையவே பத்திரமாக் கொண்டுவரத் தெரியல. இவன நம்பியா நம்ம புள்ளைய அனுப்புறது? தட்ட வாங்காத. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

ராதாகிருஷ்ணன் தட்டுக்கு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்னொரு நாள் என்றால் அந்த நாள் வரவே வராது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கதவோரம் நின்ற நளினி கோகிலனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவன் ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

காளியண்ணன் மடியில் கிடந்த தன் கைகளைக் கவனித்தார். நகக்கண்களில் மஞ்சள் அப்பியிருந்தது.

"கழட்டினது நான்," என்றார். தன் குரல் தனக்கே கேட்காததுபோல் இருக்கவும், இன்னொரு தரம் சொன்னார். "அவன் இல்ல, சம்பந்தி. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு, அவன் இல்லாத நேரத்துல நான்தான் கழட்டினேன். மஞ்சள வச்சு அடைச்சதும் நான். இப்ப அவன் பழிய ஏத்துக்கிட்டான். நானும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ராதாகிருஷ்ணன் நனைந்த புடவையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ரெக்கையில என்னதான் புண்ணியம், மாப்ள?" என்று ராதாகிருஷ்ணன் கோகிலனைக் கேட்டார்.

"வேகமாப் போனா காரு தூக்காம அமுக்கும், மாமா. இந்த ரோட்டுல அதுக்கு ஒரு வேலையும் இல்ல."

"ஏன் இல்ல? ஓட்டைய மூடிக்கிட்டு இருந்துச்சே. அந்த ஒரு வேலையையும் ஒங்கப்பா புடுங்கிட்டாரு."

நளினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வந்து புடவையை எடுத்தாள். "பிழிஞ்சு கட்டிக்கிறேன், அத்தை. கறை உள்மடிப்புல போயிரும்."

விக்னேஸ்வரி முணுமுணுத்தாள். ஆனால் தடுக்கவில்லை. ராதாகிருஷ்ணன் தட்டை வாங்கிக்கொண்டார்.

கறை முழுவதும் மடிப்புக்குள் போகவில்லை. தோளில் கொஞ்சம் நின்றுவிட்டது. அன்று எடுத்த படத்தை நவமணி கூடத்தில் மாட்டியிருக்கிறாள். காளியண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமலே போய் வருகிறார். ஸ்பாய்லரை அவரே துடைத்து மகனிடம் கொடுத்தார். அவன் வாங்கி மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், பொருளாளர் சிங்காரம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏண்ணே, கோகிலன் ரேஸ் ஓட்டி எங்கயோ மோதி, ரெக்கை பிச்சிக்கிட்டுப் போச்சாமே? பொண்ணு வீட்டுல தட்ட திருப்பி அனுப்பிட்டாங்களாம்?"

காளியண்ணன் எழுந்து நின்றார். பேச்சு அடங்கியது.

"கார் எங்கயும் மோதல. தட்டு திரும்பி வரல. ரெக்கையக் கழட்டினது நான். அவன்மேல பழி விழுறப்ப சும்மா இருந்ததும் நான்தான்."