பத்தாம் நாள் வெளிச்சம்

புருஷன் வீட்டை விட்டு அக்கா வந்தபோது கையில் ஒரு பெட்டி, மடியில் ஒரு பல்லி. அவ்வளவுதான். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி. சீமாட்டி என்று கூப்பிடுவோம். அதன் ஜோடியைத் தரமாட்டேன் என்று அந்த மனுஷன் வைத்துக்கொண்டான்.

சீமாட்டிக்கு வயதாகிவிட்டது. இந்த முறை இட்ட இரண்டு முட்டையும்தான் கடைசி, இனி உடம்பு தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதன் குஞ்சு ஒன்றாவது வேண்டும். வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

முட்டை விஷயத்தில் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு மண்டைக்கனம். இட்ட அன்றே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் மஞ்சள்.

"கூமுட்டை. ஆணே இல்லாம நாலு மாசமாச்சு, எப்படிக் கரு பிடிக்கும்?"

"ரெண்டு நாள் இருக்கட்டுமேடி," என்றாள் அக்கா.

சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கடையிலிருந்து ஃபோன். கூட வேலை செய்கிறவள் திடீர் லீவு. அப்புறம் ஒன்பது நாள் இரட்டை வேலை, வந்து விழுந்தால் தூக்கம். முட்டைகளை வைத்திருந்த சூட்டுப் பெட்டி அது பாட்டுக்கு அலமாரியில் முனகிக்கொண்டு கிடந்தது. அக்கா பயத்தில் திறந்தே பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் வீட்டிலிருந்தேன். ஜன்னல் இல்லாத குளியலறையில் கதவைச் சாத்தினோம். முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும் என்பதால் ஈர நார்த்தூளோடு டப்பாவையே தூக்கி வந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்தேன்.

சிவப்பு. வெயிலில் தூங்கும் குழந்தையின் காதுமடல் மாதிரி. மெல்லிய நரம்புகள் கிளை பிரிந்து ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. குழாய் சொட்டும் சத்தம் எங்கிருந்தோ கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சிவப்புக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. வெளியே மத்தியானம் நடக்கிறதா என்பதே மறந்துபோயிற்று. இன்னொரு முட்டையும் சிவப்பு. அங்கே விட்டுவந்த ஜோடியின் விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறாள் சீமாட்டி, கெட்டிக்காரி.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மஞ்சளாகத் தெரிந்ததும் இதே முட்டைகள்தாம். முதல் நாளில் நல்ல முட்டையும் மஞ்சளாகத்தான் தெரியும். இதற்கு முன் இந்த வீட்டில் சீமாட்டி இரண்டு ஜோடி முட்டை இட்டிருந்தாள். அவற்றையும் இட்ட அன்றே பார்த்துத் தீர்ப்புச் சொல்லி, குப்பையில் போட்டவள் நான்.

அக்காவுக்கு இது தோன்றியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அக்கா, நான் தூக்கிப் போட்டேனே நாலு... அதுலயும் உயிர் இருந்திருக்கும்க்கா."

சிரிப்பு நின்றது. திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"டார்ச்ச அணை. சூடு போகுது," என்றாள். டப்பாவை மூடி என்னிடமே நீட்டினாள். "நீயே கொண்டுபோய் வை."

"வேணாம்க்கா, கை நடுங்குது."

"நடுங்கட்டும். இப்பத்தான் பாத்து நடப்ப."