எடை சரியென்று கொண்டால்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஆஸ்பத்திரிகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புக்குக் கணினி நிரல் எழுதுவது அவள் வேலை. அக்காவின் கணவர் கணிதப் பேராசிரியர்.

"நீ எழுதறது மெஷினுக்குச் சமையல் குறிப்பு. நிரூபணம் வேற ரகம்மா" என்று சாப்பாட்டு மேஜையில் சிரிப்பார்.

அது அவளுக்கு முள்ளாகத் தைத்தது. எந்த நிலையிலும் நோயாளியின் எடைக்கு மீறிய மருந்தைத் தன் நிரல் செலுத்தாது என்பதைத் தேற்றமாகவே எழுதி, பதினான்கு மாதம் உட்கார்ந்து வரிக்கு வரி நிரூபித்தாள். நூற்றுப்பத்துப் பக்கம். அத்தான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பம்பு விற்பனைக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு குழந்தை இறந்தது. அதற்கு முன் அந்தப் பம்பு பொருத்தப்பட்டிருந்த நோயாளியின் எடை, எழுபத்திரண்டு கிலோ, திரையில் அப்படியே நின்றிருக்கிறது. மூன்று வார்டுக்கு ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்த நர்ஸ் அதை மாற்றாமல் பொத்தானை அழுத்திவிட்டாள். எழுபத்திரண்டு கிலோவுக்கு உரியதை, ஒரு துளி கூடாமல் பம்பு செலுத்தியது.

நிரலைச் சோதிக்கப் பம்பு நிறுவனம் அத்தானை அமர்த்தியது. உறவை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அத்தான், திரையில இருக்கிற எடை அந்த நோயாளியோடதுன்னு வச்சுக்கிட்டுத்தான் நான் ஆரம்பிக்கிறேன். அத நான் நிரூபிக்கல. அதையும் எழுதுங்க."

"அது நிரூபணத்துக்கு வெளியில. சரியா தப்பான்னு மட்டும்தான் என்னைக் கேட்டாங்க. படிச்சேன், ஒரு ஓட்டை கிடையாது. ஒத்துக்கறேன், நீ செஞ்சது கணிதம்தான்."

ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்துபோனது. அதற்காகப் பிறகு தன்னையே வெறுத்தாள்.

நிரலில் பிழையில்லை, கையாண்டவரின் கவனக்குறைவு என்று விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. நர்ஸுக்கு வேலை போயிற்று. எடையைத் தன் நிரூபணம் சரிபார்க்கவில்லை என்று சின்னவள் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். கோப்பு முடிக்கப்பட்டதாக ஒற்றை வரியில் பதில் வந்தது.

விசாரித்து நர்ஸின் வீட்டுக்குப் போனாள். நிரல் எழுதியது தான்தான் என்றாள். நர்ஸ் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் எடையைப் புதுசா போட்டாத்தான் ஓடும்னு வச்சிருக்கலாமே மேடம். அது ரொம்பக் கஷ்டமா?"

"இல்ல. நாலு வரிதான்."

"அப்புறம் ஏன் வைக்கல?"

"தோணல."

நர்ஸ் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"ஏன் எடைய மாத்தலன்னு விசாரணையில கேட்டப்ப நானும் தோணலன்னுதான் சொன்னேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.