கறி மெஷின் கைப்பிடியும் மொட்சுமி மாமாவின் மரியாதையும்

கறி அரைக்கும் மெஷினின் கைப்பிடியால் ஒரு கல்யாணத்தை முடித்துவைத்தவன் இந்த போட்ஸ்வானாவிலேயே நான் ஒருவன்தான். போட்ஸ்வானா என்று அடக்கத்தோடு சொல்கிறேன். எல்லை தாண்டி விசாரித்தாலும் இன்னொருவன் அகப்பட மாட்டான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் இருப்பதற்கென்றே எங்கள் மஹலாப்யேயில் பலோசாங் என்று ஒருவன் இருக்கிறான். என் அடுத்த வீட்டுக்காரன், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் இரண்டு பாஷையில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது யார் வாயைத் திறந்தாலும் சாட்சி கேட்பான். "நல்ல வெயில்" என்றால்கூட ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவான்.

நானும் ஓய்வுபெற்றவன்தான். கால்நடைத் துறையின் தடுப்பு வேலி கேட்டில் வேலை பார்த்தேன். கோமாரி பரவாமல் இருக்க, வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி, ஜன்னல் வழியே மூக்கை நீட்டி, "உள்ளே பச்சைக் கறி இருக்கா?" என்று கேட்க வேண்டும். மந்திரி கார், மணப்பெண் கார், எதையும் நான் விட்டதில்லை. சவ வண்டியை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டதற்காகக் குடையால் அடிகூட வாங்கியிருக்கிறேன். என் மூக்குக்கு முன்னால் இறங்காத கார்க் கண்ணாடி ஆப்பிரிக்காவின் தென்பாதியில் கிடையாது. ஆகவே ஜன்னல் கண்ணாடி என்றால் ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்படித்தான் ஒடுவெட்சே என்று ஒருவன் வந்தான்.

ஒடுவெட்சே எங்கள் தெருக்காரன். கவுன்சிலுக்காக மண்ரோட்டைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுகிறான். மனைவியை இழந்தவன். நெஞ்சு அகலம், வயிறு அதைவிட அகலம், குரல் மட்டும் கோழிக்குஞ்சு. பஸ் நிலையத்தில் மக்வின்யா என்ற மாவு உருண்டை பொரித்து விற்கும் செகாமெட்சியின் மேல் அவனுக்கு ஆசை. அந்த உருண்டைகளைத் தின்று தின்றே வயிறு அப்படி ஆனது என்பது என் கட்சி. அவளுக்கும் சம்மதம். பெண் கேட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த ஒரு காரை வாங்கினான். வாங்கிய வாரமே டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறி நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பிரேக் இல்லாமல் கார் ஓட்டினால் மன்னித்துவிடுவார்கள். ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி "துமெலாங்" என்று வணக்கம் சொல்லாமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். செகாமெட்சியின் தாய்மாமன் மொட்சுமி, ரோட்டை ஒட்டிய மொருலா மரத்தடியில் சோளக் கள் டப்பாவோடு உட்கார்ந்திருப்பவர். தொட்டி மீன் மாதிரி மூடிய கண்ணாடிக்குள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஒருவன் போவதைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் ஒடுவெட்சே மரியாதையாகக் கதவையே திறந்து வணக்கம் சொல்லப் பார்த்தான். கதவு போய் டப்பாவில் இடித்தது. கள் அத்தனையும் மாமாவின் கால்சட்டையில்.

மாமாவிடமிருந்து சேதி வந்தது. "எனக்குக் கண்ணாடி இறக்காதவன் என் பொண்ணுக்கு எதை இறக்குவான்? பொண்ணு கேட்டு யாரும் வரவேணாம்."

ஒடுவெட்சே நடந்தே போய்க் காலில் விழுகிறேன் என்று கெஞ்சினான். அதற்கும் பதில் வந்தது. "நடந்து வந்தா, கார் இல்லாதவன்ல கும்பிடுறான். எந்தக் கார்ல என்னைப் பாத்தும் பாக்காம போனானோ, அதே கார்ல வரட்டும். என் கண்ணு முன்னாடி கண்ணாடி இறங்கணும். ஞாயித்துக்கிழமை நான் மாட்டுப்பட்டிக்குப் போறேன். உழவு முடிஞ்சுதான் திரும்புவேன்."

மாட்டுப்பட்டிக்குப் போன மனிதரைப் பிடிப்பதும், கட்டறுத்த கழுதையைப் பிடிப்பதும் ஒன்று. பட்டி காட்டுக்குள்ளே வெகுதூரம், போனும் எட்டாது. உழவு முடிய மாதக்கணக்காகும். அதற்குள் செகாமெட்சியைப் பெண் கேட்டு வேறொருவன் வரப்போவதாகவும் பேச்சு. அவனிடம் பழைய லாரி, கண்ணாடியே கிடையாது, ஆகவே குறையும் கிடையாது.

மெக்கானிக்கிடம் கேட்டால், மோட்டாரோடு சேர்ந்த அந்த ஏற்றி இறக்கும் சாமான் கடல் கடந்து வர மூன்று வாரம் என்றான். வெள்ளிக்கிழமை ஒடுவெட்சே என் வீட்டுக்கு வந்து அழாத குறையாக நின்றான். நான் அவனைப் பழைய கார் உடைத்து விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே அதே ஜாதிக் கார் ஒன்று, ஏழை மாடல், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற வகை, கவிழ்ந்து கிடந்தது. அதன் வயிற்றைக் கிழித்து, சுற்றுகிற அமைப்பை முழுசாக எடுத்தோம். கைப்பிடியை மட்டும் எவனோ முன்னாலேயே களவாடியிருந்தான். அவன் நாசமாய்ப் போகட்டும், அல்லது இதைப் படித்துவிட்டுப் பெருமைப்படட்டும்.

சனிக்கிழமை காலை என் வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பித்தது. பலோசாங் வேலி தாண்டி வந்து, பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தான்.

"கேட்டுக்காரா, நீ கார் ஜன்னலை வெளியேயிருந்து பாத்தவன்யா. உள்ளே என்ன இருக்குன்னு உனக்கென்ன தெரியும்?"

"டாக்டர் மட்டும் உன் வயித்துக்குள்ளே குடியிருந்தா வைத்தியம் பாக்குறான்?"

கதவின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையை நெம்பினேன். கிளிப்புகள் வெட்டுக்கிளி போல நாலா பக்கமும் தெறித்தன. ஒன்று என் கோழி வாயில் போனது. அது இன்றுவரை உயிரோடிருக்கிறது, முட்டை மட்டும் கொஞ்சம் சதுரம். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பாலித்தீனைக் கிழிக்காமல் உரித்தேன். கண்ணாடி கீழே விழாமல் இருக்க அதை மேலே தூக்கிப் பிடித்து, கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டச் சொன்னேன். ஒடுவெட்சே பயத்தில் ஒரு சுருள் டேப்பையும் தீர்த்தான். கண்ணாடி அடிபட்ட மண்டை மாதிரி கட்டுப்போட்டுக்கொண்டு நின்றது. பிறகு வயர் சொருகியைப் பிடுங்கி, போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரையும் அதன் கம்பி வடத்தையும் கதவின் ஓட்டை வழியாக வெளியே இழுத்தேன். வடம் பிரிந்து தூக்கணாங்குருவிக் கூடாகியிருந்தது.

"செத்துப்போச்சு," என்றேன்.

"அது எனக்கே தெரியும். உயிர் குடுப்பியா, அதைச் சொல்லு," என்றான் பலோசாங்.

ஒடுவெட்சே தயங்கித் தயங்கி, "அண்ணே, இல்லேன்னா கண்ணாடியையே கழட்டிட்டுப் போயிரலாமா?" என்றான்.

"அட அறிவாளி! மாமா என்ன சொன்னாரு? கண்ணு முன்னாடி இறங்கணும்னாரு. இல்லாத கண்ணாடியை எப்பிடிடா இறக்குவே?"

கையால் சுற்றுகிற அமைப்பை உள்ளே நுழைத்தேன். அது பத்து தடவை நுழையாமல் முரண்டு பிடித்தது. பதினோராவது தடவை நான் அதன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் நுழைந்தது. போல்ட் முடுக்கி, டேப்பை உரித்து, கண்ணாடியை அதன் மேல் உட்கார வைத்தேன். கைப்பிடி மாட்டுகிற பல் வெட்டிய முளை வெளியே வர, பிளாஸ்டிக் பலகையில் சூட்டுக்கம்பியால் ஒரு ஓட்டை போட்டேன். இனி கைப்பிடி. ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. இடுக்கி கடித்துப் பார்த்தது, பல் போயிற்று. அப்போதுதான் என் கண் சமையலறைப் பக்கம் போனது. மனைவி சர்ச் பாடகர் குழுவுக்குப் போயிருந்தாள். கறி மெஷின் மேஜை விளிம்பைக் கவ்விக்கொண்டு, கையை நீட்டி என்னை அழைத்தது.

கைப்பிடியைக் கழற்றி வந்து முளையில் மாட்டினேன். கொஞ்சம் ஆடியது. குளிர்பான டப்பாவின் தகரத்தை வெட்டி இடையில் சுற்றி, திருகை முடுக்கினேன். கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடி சுற்றினேன். கண்ணாடி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது! ஏறியது! ஒடுவெட்சே என்னைத் தூக்கிச் சுற்றினான்; என் ஒரு செருப்பு பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

பலோசாங் எழுந்திருக்கவில்லை. "உள்ளே உக்காந்து, கதவை மூடிட்டு சுத்திப் பாத்தியா?"

"நீச்சல் தெரிஞ்சவன் வாளித் தண்ணியில நீந்திக் காட்டணுமா?"

"இது நடக்காது. மாமா முன்னாடி இது மானத்தை வாங்கும். நானும் வர்றேன், பாக்கணும்."

அன்று மத்தியானமே ஒடுவெட்சே சலவைச் சட்டை போட்டு வந்தான். நான் முன் சீட்டில் அவன் பக்கத்தில், பலோசாங் பின் சீட்டில். மரத்தடியில் மொட்சுமி மாமா, அவரோடு நாலைந்து பெரியவர்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தலையில் சும்மாடோடு வேடிக்கை பார்க்க வந்த பெண்கள். செகாமெட்சி வீட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்று, கண்ணை மட்டும் திருப்பி வைத்திருந்தாள். கார் ஊர்ந்தது. ஒடுவெட்சே கைப்பிடியைப் பிடித்தான்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கார்க் கைப்பிடி அரைச் சாண் நீளம். கறி மெஷின் கைப்பிடியோ கிட்டத்தட்ட ஒரு முழம். ஒடுவெட்சேயின் வயிற்றுக்கும் கதவுக்கும் இடையில் இருந்த இடம் ஒரு கடுதாசி போகிற அளவு. கைப்பிடி கீழே போக வேண்டுமானால் ஆளே கீழே போக வேண்டும். ஒடுவெட்சே தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனான். கைப்பிடி மேலே வந்தது, அவனும் வந்தான். கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. மறுபடி கீழே. மறுபடி மேலே.

"அண்ணே, வயித்துல குத்துது," என்று முனகினான்.

"குத்தட்டும், சுத்துடா!"

"ரோடு தெரியல!"

"நான் பாத்துக்கறேன், நீ குனி!" என்று சொல்லி ஸ்டியரிங்கை நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் பலோசாங் சிரிக்கிறானோ என்று திரும்பினேன். அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு மலை போன்ற மனிதன், மாமாவைப் பார்த்ததும் காருக்குள்ளேயே தலை மறையக் குனிகிறான். எழுகிறான். குனிகிறான். ஒவ்வொரு கும்பிடுக்கும் கண்ணாடி கொஞ்சம் இறங்குகிறது. கைப்பிடி அவர்கள் கண்ணில் படவே இல்லை. அரசனுக்குக்கூட எங்கள் நாட்டில் யாரும் இத்தனை தடவை குனிந்ததில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்களில் ஒருத்தி குலவையிட ஆரம்பித்து, இடலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள்.

கண்ணாடி முழுக்க இறங்கியது. ஒடுவெட்சே வேர்வை சொட்ட வெளியே தலை நீட்டி, "துமெலாங், பெரியவங்களே," என்று கோழிக்குஞ்சுக் குரலில் சொன்னான். கார் நின்றுவிட்டது, என்ஜினும் களைத்துப்போயிருந்தது.

மொட்சுமி மாமா தடியை ஊன்றி எழுந்து வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டார். கைப்பிடியைப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"மாமா, நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதே கேட்டுக்காரா. நீ மழை பெய்யுதுன்னு சொன்னா நான் துணியைக் காயப் போடுவேன்." பின் சீட்டுக்குத் திரும்பினார். "பலோசாங், நீ கோர்ட்டுல நின்னவன். பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டே. இந்தக் கைப்பிடியை வச்சு, எனக்கு வணக்கம் சொல்றதுக்காகவா இவன் இப்பிடி விழுந்து விழுந்து எழுந்திரிச்சான்? நீ ஆமான்னா நாளைக்கு நான் மாட்டுப்பட்டிக்குப் போகல. இவன் வீட்டு மாமன்மாருங்க காலையில பொண்ணு கேட்டு வரட்டும். நீ இல்லேன்னா, காரைத் திருப்பிக்கிட்டுப் போங்க."

செகாமெட்சி இப்போது முழுக்கத் திரும்பிவிட்டாள். ஒடுவெட்சே கண்ணை மூடிக்கொண்டான். நான் பலோசாங்கைப் பார்த்தேன். காலையில் "நடக்காது" என்று சொன்னவனே அவன்தான். அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். கைப்பிடியைப் பார்த்தான். என்னைப் பார்க்க மட்டும் மறுத்துவிட்டான்.

"கறி மெஷின் கைப்பிடிதான் மாமா," என்றான். "காலையில மாட்டுனாங்க. உங்களுக்காகத்தான் மாட்டுனாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் இவன் தலை தரைக்குப் போச்சு, கண்ணாடி இறங்குச்சு. நான் நம்பல, இப்பவும் நம்ப முடியல. ஆனா நடந்துச்சு."